தொண்டை வலிதானே.. சரியாயிடும்!

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பாதியில நிக்கிற ஒரு சினிமா விமர்சனத்தை முடிச்சுப் போட்டுடலாம்னுதான் பொட்டியைத் திறந்தேன். ஆனா நேத்து சாயங்காலம் டீக்கடையில நடந்த ஒரு விஷயம் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. அதை இறக்கி வச்சாத்தான் மத்தது ஓடும்.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன், 22 வயசு. டீயைக் குடிக்க முடியாம முகத்தைச் சுளிச்சான். என்னடான்னேன். "தொண்டை வலிண்ணா. மெடிக்கல்ல அசித்ரோ வாங்கிப் போட்டுட்டேன். மூணு நாள்ல சரியாயிடும்"னான். அவ்வளவுதான். பத்து நிமிஷம் நிறுத்தாம பேசிட்டேன். பையன் மிரண்டு போய், டீயைப் பாதியில வச்சுட்டு "மீட்டிங் இருக்குண்ணா"ன்னு ஓடிட்டான். அந்தப் பத்து நிமிஷப் பேச்சுதான் இந்தப் பதிவு. நீங்க ஓட முடியாது :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. நாலு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு, அதுக்குச் சம்பந்தமே இல்லாம ஜாவா எழுதிப் பொழைக்கறவன். கீழ இருக்கற மருத்துவ சமாச்சாரமெல்லாம் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து ராத்திரி ராத்திரியா மொபைல்ல படிச்சது, டாக்டருங்ககிட்ட கேட்டது. மருந்து சொல்றதுக்காக இதை எழுதலை.

கொசுவத்தியை 2023 அக்டோபருக்குச் சுத்தறேன். அப்ப துரைப்பாக்கத்துல நாங்க மூணு பேர் ஒரு வீட்டுல இருந்தோம். அதுல ஒருத்தனுக்குப் பட்டப்பேரு வாத்தி. அப்பா, அம்மா ரெண்டு பேருமே மன்னார்குடிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாருங்க, அதனால. 24 வயசு. பீடி, சிகரெட்டு எதுவும் கிடையாது. ஞாயித்துக்கிழமை தவறாம கிரிக்கெட். எங்க மூணு பேர்ல ஜிம்முக்குக் காசு கட்டி, நிஜமாவே போனவன் அவன் ஒருத்தன்தான்.

ஒரு திங்கக்கிழமை காலையில தொண்டை வலின்னு எழுந்தான். வழக்கமான வைத்தியமெல்லாம் நடந்துச்சு. உப்புத் தண்ணி கொப்பளிச்சான். அவங்க அம்மா போன்ல, "சித்தரத்தையும் அதிமதுரமும் வாயில அடக்கிக்கடா, பால்ல மிளகும் மஞ்சளும் போட்டுக் குடி"ன்னாங்க. பேச்சிலர் ரூம்ல சித்தரத்தைக்கு எங்க போறது? செவ்வாய்க்கிழமை எச்சில் முழுங்கவே கஷ்டப்பட்டான். நான் ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியில மெடிக்கல் ஷாப்புல "தொண்டை வலிக்கு ஏதாச்சும் குடுங்கண்ணா"ன்னேன். அசித்ரோமைசின் 500 மூணு மாத்திரை, பாராசிட்டமால் 650 ஒரு அட்டை. கூகுள் பேல காசைத் தட்டிட்டு வந்தேன்.

ஆமா, அதை வாங்கிட்டு வந்தது நான்தான். பதிவை எழுதறதுக்கே கை கூசறதுக்கு அதுதான் காரணம்.

வியாழக்கிழமை மூணாவது மாத்திரையும் முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை தொண்டை வலி நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. டீம் பார்ட்டிக்குப் போய் பிரியாணியெல்லாம் சாப்பிட்டுட்டு வந்தான். ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குக் குளிர்ல நடுங்க ஆரம்பிச்சான் பாருங்க.. ரெண்டு போர்வை போத்தியும் கட்டில் ஆடுது, பல்லு கிட்டித்துப் போச்சு. மலேரியா நடுக்கம்னு புத்தகத்துல படிச்சிருப்போமே, அது மாதிரி. காலையில பார்த்தா வலது பக்கக் கழுத்தைத் திருப்ப முடியலை. "ராத்திரி ஏறுமாறாப் படுத்துட்டேன்டா, சுளுக்கு"ன்னான். நானும் தைலம் தேய்ச்சு விட்டேன். பக்கத்துத் தெருவுல சுளுக்கு எடுக்கறவர் ஒருத்தர் இருக்காரு, சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன்னுகூடச் சொன்னேன். நல்ல வேளை, சாயங்காலம் அவனால எழுந்திரிக்கவே முடியலை. அது ஏன் நல்ல வேளைன்னு பின்னாடி சொல்றேன்.

கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா ஜுரம்?"

"நேத்து ராத்திரிலேர்ந்து சார்."

இந்தப் பதில்ல பொய் இல்ல. ஆனா யோசிச்சுப் பார்த்தா, அன்னிக்கு நாங்க சொன்னதுலயே பெரிய தப்பு இதுதான். தொண்டை வலியைப் பத்தி அவனும் சொல்லலை, நானும் சொல்லலை. அது முடிஞ்சு போன சமாச்சாரம். மருந்து போட்டாச்சு, வலி போயாச்சு, டிக்கெட் குளோஸ்டு.

அக்டோபர் மாசம், சென்னை, குளிர் ஜுரம். எந்த டாக்டரா இருந்தாலும் டெங்குன்னுதான் முதல்ல நினைப்பாரு. ரத்தம் குடுத்தோம். டெங்கு நெகட்டிவ், ஆனா பிளேட்லெட் குறைஞ்சிருந்துச்சு. "சில சமயம் டெஸ்ட்ல தெரியாது, ரெண்டு நாள் பார்க்கலாம்"னாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவருக்கு நாங்க குடுத்த தகவலுக்கு அவர் சொன்னது சரியான முடிவுதான். ரூமுக்கு வந்து நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறுன்னு ஆரம்பிச்சோம். (பின்னாடி வந்த நோய்லயும் பிளேட்லெட் குறையுறது சகஜமாம். அந்த ஒரு நம்பர் எங்களை ரெண்டு நாள் தப்பான பாதையில நடக்க விட்டுடுச்சு.)

புதன்கிழமை மூச்சை இழுத்தா நெஞ்சுல குத்துதுன்னான். இருமல் வேற. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேல ரெண்டு பக்க நுரையீரல்லயும் அங்கங்க திட்டுத் திட்டா வெள்ளை. நிமோனியான்னு அட்மிட் பண்ணினாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் வந்தாங்க. எங்களைவிட ரெண்டு வயசு கூட இருக்கலாம், அவ்வளவுதான். கேஸ் ஷீட்டைப் புரட்டிட்டு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"இந்த ஜுரத்துக்கு முன்னாடி, ஒரு பதினஞ்சு நாளைக்குள்ள, இவருக்கு உடம்புக்கு வேற ஏதாவது வந்துச்சா?"

"தொண்டை வலி இருந்துச்சு டாக்டர். சரியாயிடுச்சு."

"எந்தத் தேதி?"

எனக்கு ஞாபகம் இல்ல. கூகுள் பேயைத் திறந்து மெடிக்கல் ஷாப்புக்குக் காசு போட்ட தேதியைப் பார்த்துச் சொன்னேன். அவங்க நேரா வாத்திகிட்ட போய், வலது பக்கம் தாடைக்குக் கீழ, கழுத்துல மெதுவா விரலை வச்சாங்க. அலறிட்டான். "டாக்டர், அது சுளுக்கு"ன்னேன். "சுளுக்கான்னு ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்றேன்"னாங்க.

காலையில டாப்ளர் ஸ்கேன். கழுத்துல ரத்தக்குழாய் மேல கருவியை வச்சு அழுத்தினா, நல்லா இருக்கற சிரை அப்படியே அமுங்கிடுமாம். வாத்தியோட வலது பக்கச் சிரை அமுங்கவே இல்ல. உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டி அடைச்சிருந்துச்சு. அந்த நோய்க்குப் பேரு லெமியர் சிண்ட்ரோம்.

இப்ப கொஞ்சம் உடற்கூறு. நம்ம டான்சிலுக்குப் பின்னாடி, சில சதை அடுக்கு தாண்டினா, ஒரு உறை மாதிரி இருக்கும். அதுக்குள்ள மூளைக்கு ரத்தம் கொண்டு போற தமனியும், மூளையிலேர்ந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துட்டு வர்ற பெரிய சிரையும் பக்கத்துல பக்கத்துல போகுது. சிரை காதுக்குக் கீழேர்ந்து காறை எலும்பு வரைக்கும் இறங்குது. தொண்டைக் கிருமி டான்சிலைச் சுத்தி இருக்கற குட்டிச் சிரைகள் வழியாவோ, சதையைத் துளைச்சுக்கிட்டோ அந்தப் பெரிய சிரைக்குப் போயிடும். சிரையோட சுவர் வீங்கும், அங்க ரத்தம் உறையும், அந்தக் கட்டிக்குள்ள கிருமி சுகமா குடித்தனம் பண்ணும். அப்புறம் அந்தக் கட்டி துணுக்குத் துணுக்கா உடைஞ்சு ரத்தத்தோட கிளம்பும். கழுத்துச் சிரையிலேர்ந்து நேரா இதயத்தோட வலது பக்கம், அங்கேர்ந்து நுரையீரல். நுரையீரல்தான் அந்தப் பாதையில முதல் வடிகட்டி. அதுல போய்ச் சிக்கிக்கிட்டு அங்கங்க சீழ் வைக்கும். வாத்தியோட எக்ஸ்ரேல தெரிஞ்ச வெள்ளைத் திட்டு அதுதான். சில பேருக்கு மூட்டு, கல்லீரல்னும் போகுமாம்.

சுளுக்கு எடுக்கப் போகாதது ஏன் நல்ல வேளைன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். கிருமி ஊறின ரத்தக்கட்டி இருக்கற கழுத்தை ஒருத்தர் பிடிச்சு உருவி நீவி விட்டிருந்தா.. வேணாம், விடுங்க.

இதைச் செய்யற கிருமி பெரும்பாலும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். காத்து இல்லாத இடத்துலதான் வளரும். மாட்டுக்கு வர்ற குளம்பு அழுகல்லயும் இதுக்குப் பங்கு உண்டு. சாதாரணமா தொண்டையைத் துடைச்சு எடுத்துப் பண்ணுற பரிசோதனையில மாட்டாது, ஏன்னா அந்தத் தட்டைக் காத்துலதான் வளர்க்கறாங்க. ரத்தத்தைக் காத்துப் புகாத புட்டியில வளர்த்தாத்தான் தெரியும், அதுக்கும் சில நாள் ஆகும். வாத்திக்கு நாலாம் நாள் ரிசல்ட் வந்துச்சு. அதுக்குள்ள டாக்டருங்க சரியான மருந்தை ஆரம்பிச்சிருந்தாங்க. அந்த நாலு நாள் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் கேட்கவே இல்ல.

பேரு வந்த கதைக்கு வர்றேன். ஆந்த்ரே லெமியர், பாரீஸ்ல கிளாட் பெர்னார்ட் ஆஸ்பத்திரியில இருந்த டாக்டர். 1936-ல லான்செட் பத்திரிகையில 20 நோயாளிகளைப் பத்தி எழுதினாரு. அதுல 18 பேர் செத்துட்டாங்க. 20-க்கு 18. பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம். சிரையை அறுத்துக் கட்டிப் போட்டா கிருமி கீழ இறங்காதுன்னு அறுவை சிகிச்சையெல்லாம் அப்ப முயற்சி பண்ணியிருக்காங்க. அவருக்கு முன்னாடியே 1900-ல கூர்மோன், காட்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க இதை எழுதியிருக்காங்க, ஆனா பேரு என்னவோ லெமியருக்குத்தான் போச்சு.

அந்தக் கட்டுரையில எனக்குச் சுரீர்னு உறைச்ச இடம் ஒண்ணு. முதல்ல தொண்டை வலி, சில நாள் கழிச்சு நடுக்கத்தோட ஜுரம், அப்புறம் நுரையீரல், மூட்டு.. இந்த வரிசை வந்துட்டா வேற நோய்னு ஏமாற வாய்ப்பே இல்லைங்கற அர்த்தத்துல எழுதியிருக்காரு. டாப்ளர் கிடையாது, சிடி கிடையாது. நோயாளியோட கதையை வரிசையாக் கேட்டே கண்டுபிடிச்சிருக்காரு. எங்ககிட்ட ஸ்கேன் இருந்துச்சு, லேப் இருந்துச்சு, இன்ஷூரன்ஸ் கார்டு இருந்துச்சு. கதையைத்தான் வரிசையாச் சொல்லலை.

பெனிசிலின் வந்த பிறகு, தொண்டை வலின்னு போனாலே ஊசி போட்ட காலத்துல, இந்த நோய் கிட்டத்தட்டக் காணாமப் போயிடுச்சு. மறந்து போன நோய்னே இதுக்கு ஒரு பட்டப்பேரு உண்டு. ஒரு டாக்டர் முழு சர்வீஸ்லயும் ஒரு கேஸ்கூடப் பார்க்காம ரிட்டயர் ஆகலாம். 1998லேர்ந்து 2001 வரைக்கும் டென்மார்க்ல நாடு முழுக்கக் கணக்கெடுத்தாங்க. வருஷத்துக்குப் பத்து லட்சம் பேர்ல 3.6 பேருக்கு வந்திருக்கு. ஆனா 15லேர்ந்து 24 வயசுக்காரங்களை மட்டும் எடுத்தா பத்து லட்சத்துக்கு 14.4. கிழவங்களையும் சீக்காளிகளையும் விட்டுட்டு, கிரிக்கெட் ஆடுற வயசுப் பசங்களைத் தேடி வர்ற நோய் இது. நூத்துல ஒன்பது பேர் இறந்திருக்காங்க, அத்தனை மருந்து இருந்தும். அந்தக் கணக்கை அப்படியே நம்ம ஊருக்குப் பெருக்கிப் பார்க்கறது சரியில்ல.

சரி, அசித்ரோ மேட்டர். இந்தக் கிருமிகிட்ட அசித்ரோமைசின், எரித்ரோமைசின் வகையறா பெரும்பாலும் எடுபடாது. நம்ம நாட்டுல 2019-ல தனியார் மருந்துக் கணக்கை வச்சுப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2022-ல வந்துச்சு. அதிகமா வித்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை எது தெரியுமா? அசித்ரோமைசின் 500. சட்டப்படி சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து. நடைமுறையில தொண்டை வலின்னா அதுதான் மிட்டாய்.

இங்க ஒரு நியாயம் சொல்லணும். அசித்ரோ போட்டதாலதான் வாத்திக்கு இப்படி ஆச்சுன்னு நான் சொல்லலை. ஒண்ணுமே போடாம இருந்தாலும் வந்திருக்கலாம். டாக்டர்கிட்ட இதை மூணு தடவை கேட்டேன் (எதுக்குக் கேட்டேன்னு உங்களுக்குத் தெரியும்), மூணு தடவையும் "சொல்ல முடியாது"ன்னுதான் சொன்னாங்க. ஆனா அந்த மூணு மாத்திரை வேற ஒரு வேலை பண்ணுச்சு. "ஆன்டிபயாட்டிக் போட்டாச்சு"ங்கற நிம்மதியைக் குடுத்துச்சு. அந்த நிம்மதியாலதான் ஞாயித்துக்கிழமை வந்த நடுக்கத்தை நாங்க புது ஜுரமா நினைச்சோம். ஒரு டாக்டரைப் பார்த்திருந்தா அவர் என்ன மாத்திரை குடுத்திருப்பாரோ தெரியாது. "குறையலைன்னா, இல்ல போயிட்டுத் திரும்ப வந்தா, மறுபடி வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு. மெடிக்கல் ஷாப்புல மாத்திரை கிடைக்கும், அந்த வார்த்தை கிடைக்காது.

இதைப் படிச்சுட்டு ரெண்டு விதமான பின்னூட்டம் வரும்னு தெரியும்.

ஒண்ணு, "அப்ப எல்லாத் தொண்டை வலிக்கும் பலமான ஆன்டிபயாட்டிக் போட்டுடலாமா?" வேணாம் சாமி. 2015-ல அமெரிக்காவுல அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம்ல ராபர்ட் சென்டார்ங்கற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பல்கலைக்கழகத்துல படிக்கிற வயசுல, தொண்டை வலின்னு வந்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு இந்தக் கிருமி இருந்துச்சு. எல்லாரும் பயப்படற ஸ்ட்ரெப் கிருமி பத்துல ஒருத்தருக்குத்தான். கேட்டா பயமா இருக்குல்ல? ஆனா தொண்டை வலியே இல்லாத பசங்கள்லயும் கிட்டத்தட்டப் பத்துல ஒருத்தருக்கு அதே கிருமி இருந்திருக்கு. கிருமி இருக்கறதும் நோய் வர்றதும் வேற வேற. முக்கால்வாசித் தொண்டை வலி வைரஸாலதான் வருது, ஒரு வாரத்துல அதுவா போயிடும். லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வர்றதுக்காக மீதிப் பேருக்கு மருந்தைத் திணிச்சா, நாளைக்கு நிஜமா வேணுங்கும்போது அந்த மருந்து வேலை செய்யாது. ஐரோப்பாவுல தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் குடுக்கறதைக் குறைச்ச பிறகு இந்த நோய் தலைதூக்குதுன்னு சில டாக்டருங்க வாதாடுறாங்க. இருக்கலாம். அப்படியே இருந்தாலும் பழையபடி எல்லாருக்கும் ஊசிங்கறது தீர்வுன்னு எனக்குத் தோணலை.

ரெண்டாவது பின்னூட்டம், "லட்சத்துல ஒண்ணுக்கு எதுக்குப்பா பீதியைக் கிளப்புறே?" இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. அந்த ஒண்ணு என் ரூம்ல இருந்தான், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு கேட்கறேன். நான் உங்களைப் பயப்படச் சொல்லலையே? தேதி ஞாபகம் வச்சுக்கங்கன்னுதான் சொல்றேன். அதுக்குக் காசா பணமா?

தொண்டை வலி நாலஞ்சு நாள்ல இறங்குமுகமா இருக்கணும். இறங்காம ஏறினாலோ, இறங்கிட்டு அப்புறம் நடுக்கத்தோட ஜுரம் வந்தாலோ, ஒரு பக்கக் கழுத்து மட்டும் வலிச்சு வீங்கினாலோ, வாயைத் திறக்க முடியாமப் போனாலோ, மூச்சு விட்டா நெஞ்சு குத்தினாலோ, அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். போய், "நேத்திலேர்ந்து ஜுரம்"னு ஆரம்பிக்கக் கூடாது. "போன திங்கக்கிழமை தொண்டை வலி வந்துச்சு"ன்னு ஆரம்பிக்கணும். அவங்க கேட்காட்டியும் சொல்லணும். ரெண்டு நிமிஷத்துல அடுத்த டோக்கனைக் கூப்பிடற கிளினிக்ல, ஒவ்வொரு டாக்டரும் பார்க்கறது ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத்தான். முழு வீடியோ நம்மகிட்டதான் இருக்கு. ஆபீஸ்ல பக் ரிப்போர்ட் எழுதும்போது "எப்ப ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி என்ன மாத்தினே"ன்னு டெஸ்டரைப் போட்டுக் குடையறோம். நம்ம உடம்புக்கு "வேலை செய்யலை சார்"னு ஒத்தை வரியில டிக்கெட் போடறோம்.

டாக்டருங்க பக்கமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நிமோனியான்னு பார்த்த அன்னிக்குச் சாயங்காலம் மூணு பேர் வந்து பார்த்தாங்க. மூணு பேரும் நெஞ்சைத்தான் பார்த்தாங்க. கழுத்து வலிக்குதுன்னு அவன் சொன்னதைக் கேஸ் ஷீட்டுல எழுதியும் இருந்தாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அதைப் படிச்சது ஒருத்தர்தான். நோய் அரிதுங்கறது நிஜம், எல்லாரும் எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்க முடியாதுதான். ஆனா "இதுக்கு முன்னாடி என்ன"ங்கற கேள்விக்கு எந்த நோயையும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்லையே.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடறேன். தொண்டைக் கிருமி சிரையைத்தான் தொடும்னு இல்ல. டான்சிலுக்குப் பக்கத்துல சீழ் கட்டி, அது பக்கத்துத் தமனியோட சுவரை அரிக்கறதும் உண்டு. ரொம்ப ரொம்ப அரிது. ஆனா வாயிலோ காதுலயோ கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் வந்து நின்னு, ஒருநாள் நிக்காமக் கொட்டுமாம். தொண்டை வலியோட ரத்தம் பார்த்தா யோசிக்கவே வேணாம், ஓடுங்க. ஸ்ட்ரெப் கிருமியால இதய வால்வு கெடற கதை தனி, நம்ம ஊர்ல அது இன்னும் ஒழியலை. அதுக்குத் தனிப் பதிவே போடலாம், விஷயம் தெரிஞ்ச டாக்டர் பதிவர் யாராவது போட்டா நல்லது. நான் எங்கயாவது தப்பாச் சொல்லியிருந்தாலும் பின்னூட்டத்துல திருத்துங்க, மாத்திடறேன்.

வாத்தி என்ன ஆனான்னு கேட்கறீங்களா? ஆறு வாரம் மருந்து. முதல் மூணு வாரம் நரம்பு வழியா, அப்புறம் மாத்திரை. நுரையீரலைச் சுத்திச் சேர்ந்த சீழை எடுக்க விலாவுல ஒரு குழாய். ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கறதா வேணாமான்னு டாக்டருங்களுக்குள்ளயே ஒரு விவாதம் ஓடுச்சு. இந்த நோய்க்கு அது உதவுமாங்கறதுல மருத்துவ உலகத்துலயே ஒத்த கருத்து கிடையாதாம். கடைசியில குடுத்தாங்க. பதினோரு கிலோ இறங்கிட்டான். மன்னார்குடியிலேர்ந்து அவங்க அப்பா அம்மா லீவு போட்டுட்டு வந்து எங்க ரூம்லயே தங்கினாங்க. ஒருநாள் ஐசியூ வாசல்ல அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ தேதி சொன்னதாலதான் தம்பி கண்டுபிடிச்சாங்களாம், டாக்டரம்மா சொன்னாங்க"ன்னு அழுதாங்க. அந்தத் தேதி எப்படி என்கிட்ட இருந்துச்சுன்னு நான் இன்னி வரைக்கும் அவங்ககிட்ட சொல்லலை. இதைப் படிக்க மாட்டாங்கன்னு ஒரு தைரியம்தான்.

அவன் இப்ப நல்லா இருக்கான். மறுபடி கிரிக்கெட், மறுபடி ஜிம். போன மாசம் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. முதல் நாளே பிரிட்ஜ் மேல ஒரு பேப்பரை ஒட்டித் தேதி எழுதினான். தினமும் காலையில பல்லுகூட விளக்காம வந்து, என் கழுத்தை ரெண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துட்டு ஒரு டிக் அடிப்பான். கூச்சமா இருந்துச்சு, "போடா லூசு"ன்னு ரெண்டு தடவை திட்டினேன். ஆறாம் நாள் வலி சுத்தமா போயிடுச்சு. பேப்பரைக் கிழிக்கப் போனேன்.

"இருடா, இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும்"னான்.